ஆயிரம் பேரில் ஒருத்தி

கட்டிலில் மல்லாந்து படுத்து, ஒரு கையை மடித்துத் தலைக்குக் கீழே வைக்கச் சொல்வார்கள். அப்படிப் படுத்தால் மார்பகம் நெஞ்சின்மேல் பரவித் தட்டையாகும். உள்ளே இருப்பது விரலுக்கு எட்டும். பரிசோதிப்பவர் நடுவிலுள்ள மூன்று விரல்களால்தான் பார்ப்பார். நுனியால் குத்திப் பார்ப்பதில்லை, ரேகை பதியும் சதைப்பற்றால் தடவுவார். ஒரு ரூபாய்க் குற்றி அளவுக்குச் சின்ன வட்டம். முதலில் தோல் மட்டும் அசையும்படி, அதே இடத்தில் இன்னும் கொஞ்சம் அழுத்தி, மூன்றாம் முறை விலா எலும்பு தட்டும்வரை. பிறகு விரலைத் தூக்காமலே அடுத்த இடம். கமக்கட்டுப் பக்கத்திலிருந்து மேலும் கீழுமாக வரிவரியாகப் போய் நெஞ்செலும்பில் முடிப்பார். கடைசியில் கமக்கட்டுக் குழியையும் காறை எலும்புக்கு மேலுள்ள பள்ளத்தையும் பார்ப்பார். ஒழுங்காகச் செய்தால் ஒரு பக்கத்துக்குச் சில நிமிடங்கள் பிடிக்கும். அரை நிமிடத்தில் இரண்டு பக்கமும் முடிந்துவிட்டால் அது வெறும் சடங்கு. இன்னொருமுறை ஆறுதலாகப் பாருங்கள் என்று கேட்பதில் தப்பேயில்லை.

மட்டக்களப்பு வாவியின் இரு கரையிலும், எழுவான்கரையானாலும் படுவான்கரையானாலும், பெரும்பாலான பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய்ப் பரிசோதனை என்றால் இதுதான். இலங்கையில் 1996இல் தொடங்கிய சுகவனிதையர் கிளினிக் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகளின்கீழ் நடக்கிறது. 35 வயதைத் தாண்டிய பெண்கள் போனால் பிரஷர், சீனி, கருப்பைக் கழுத்துக்கான பரிசோதனை, அதோடு மார்பும் பார்ப்பார்கள். காசில்லை. வீடு வீடாக வந்து கர்ப்பிணிகளைப் பார்க்கும் பொதுச் சுகாதார மருத்துவமாதுதான் இதற்கும் அழைப்பார். கிளினிக் வாசலில் எங்கும் கேட்கக்கூடிய பேச்சு ஒன்று உண்டு.

“எனக்கு ஒண்டுமில்லையே மிஸ், நான் என்னத்துக்கு வாற?”

“ஒண்டுமில்லாத ஆக்களுக்குத்தான் அக்கா இந்தக் கிளினிக்.”

இரண்டு பேர் சொல்வதும் சரி. அந்த அக்கா கேட்டதை இன்னும் கொஞ்சம் நீட்டினால் இப்படி வரும்: ஒன்றுமில்லாத என்னைத் தடவிப் பார்ப்பதால் என் உயிர் எவ்வளவு தப்பும்? இந்தக் கேள்விக்கு மார்பகப் புற்றுநோய் விழிப்புணர்வு மாதமான ஒக்டோபரின் சுவரொட்டிகள் பதில் சொல்வதில்லை. “முன்கூட்டியே கண்டறிவோம், உயிர் காப்போம்” என்று இளஞ்சிவப்பில் எழுதிவிட்டு நிறுத்திக்கொள்கின்றன. இலங்கைப் பெண்களுக்கு வரும் புற்றுநோய்களில் ஏறத்தாழ நான்கில் ஒன்று மார்பகத்தில் வருவது. அவ்வளவு பெரிய விடயத்தில் ஒரு பெண்ணுக்குச் சுலோகம் போதாது, கணக்குச் சொல்ல வேண்டும். நுண்கடன் கம்பனிக்குக் கிழமைக்குக் கிழமை கட்டும் வட்டியைக் கொப்பியில் எழுதிப் பார்க்கிற பெண்களுக்குக் கணக்கு விளங்காது என்று யாரும் சொல்ல முடியாது.

கைப் பரிசோதனைக்கான கணக்கு நமக்குப் பக்கத்திலேயே, மும்பையில் போடப்பட்டிருக்கிறது. டாட்டா நினைவு மருத்துவமனையின் இந்திரநீல் மித்ராவும் குழுவினரும் 1998இல் ஓர் ஆய்வைத் தொடங்கினார்கள். மும்பையின் சேரிப் பகுதிகளில் 35 முதல் 64 வயது வரையான 1,51,538 பெண்களை இரண்டு பங்காகப் பிரித்தார்கள். ஒரு பங்குக்கு இரண்டாண்டுக்கு ஒருமுறை, நான்கு சுற்று, கையால் மார்பகப் பரிசோதனை. மறுபங்குக்கு விழிப்பூட்டல் மட்டும். பரிசோதித்தவர்கள் டொக்டர்கள் அல்லர். சில வாரப் பயிற்சி பெற்ற பெண் சுகாதாரப் பணியாளர்கள். நமது மருத்துவமாதுகளின் பயிற்சி இதைவிட எத்தனையோ மடங்கு நீண்டது. இருபது ஆண்டுகள் பொறுத்திருந்து 2021இல் முடிவை வெளியிட்டார்கள்.

முற்றிய மூன்றாம், நான்காம் கட்டத்தில் கண்டுபிடிக்கப்பட்ட புற்றுநோய்கள் பரிசோதிக்கப்படாத பங்கில் 47 வீதம், பரிசோதிக்கப்பட்ட பங்கில் 37 வீதம். கை தடவியதால் நோய் முன்கூட்டியே பிடிபட்டது என்பதில் சந்தேகமில்லை. சாவு குறைந்ததா? எல்லா வயதினரையும் சேர்த்துப் பார்த்தால் மார்பகப் புற்றுநோய்ச் சாவு 15 வீதம் குறைந்தது, ஆனால் அது தற்செயலாகவும் இருக்கலாம் என்று புள்ளியியல் சொன்னது. 50 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களைத் தனியாக எடுத்தால் ஆண்டுக்கு ஒரு இலட்சம் பெண்களில் 35 சாவு என்றிருந்தது 25 ஆகியது. ஏறத்தாழ 30 வீதக் குறைவு, இதைத் தற்செயல் என்று ஒதுக்குவது கடினம். 50க்குக் கீழே குறிப்பிடத்தக்க பலன் தெரியவில்லை. முடிவு வந்த பிறகு வயதுவாரியாகப் பிரித்துப் பார்த்த கணக்கு என்பதால் இதைக் கொஞ்சம் கவனமாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். ஆனாலும் எங்களைப் போன்ற இடங்களுக்கு இதைவிடப் பொருத்தமான சான்று வேறு கிடையாது.

இதில் எனக்கு உறுத்துவது ஒன்று. கிளினிக்குக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் முப்பதுகளிலும் நாற்பதுகளிலும் இருக்கும் தாய்மார். பிள்ளைக்கு ஊசி போட வந்த பழக்கத்தில் மருத்துவமாதுவின் அழைப்புக்கு வருகிறார்கள். பேரப்பிள்ளை கண்ட 55 வயதுக்காரி, “எனக்கினி என்ன கிளினிக்” என்று வீட்டில் இருந்துவிடுகிறார். மும்பைக் கணக்குப்படி கைப் பரிசோதனையால் கூடுதல் பலன் பெறக்கூடியவர் அவர்தான். 35 வயதுக்காரி வரத் தேவையில்லை என்று இதற்குப் பொருளில்லை. கருப்பைக் கழுத்துப் பரிசோதனைக்காகவே அவர் வரவேண்டும், அதன் பலன் உறுதியானது. ஆனால் 35 வயதில் குவைத்திலோ சவூதியிலோ வீட்டு வேலையில் இருந்துவிட்டு ஐம்பதை நெருங்கும்போது ஊர் திரும்புகிறவர்களும் இந்தப் பக்கத்தில் நிறையப் பேர். கிளினிக் தமக்கானதல்ல என்றே அவர்களில் பலர் நினைப்பார்கள். பதிவுக் கொப்பியில் பெயர் இல்லாவிட்டாலும் போகலாம்.

சரி, மார்பகத்தை எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கும் மமோகிராம்? கொழும்பில் நாரஹேன்பிட்டியில் அரசின் புற்றுநோய் முன்கூட்டிக் கண்டறியும் நிலையம் இருக்கிறது, பெரிய வைத்தியசாலைகளில் கருவி உண்டு, தனியாரிடமும் உண்டு. ஆனால் குறித்த வயதுப் பெண்கள் எல்லாரையும் கடிதம் போட்டு அழைத்து மமோகிராம் எடுக்கும் தேசியத் திட்டம் இலங்கையில் இல்லை. வெளிநாட்டில் இருக்கும் தங்கச்சி தொலைபேசியில், “இங்க எங்களைக் கூப்பிட்டு எடுக்கிறாங்க, நீ ஏன் எடுக்கல?” என்று கேட்கும்போது இங்கிருக்கும் அக்காவுக்குக் குற்றவுணர்ச்சி வருகிறது. அந்தத் தங்கச்சிக்கும் அக்காவுக்கும் சேர்த்து ஒரு கணக்கு.

50 வயதைத் தாண்டிய ஆயிரம் பெண்களை எடுத்துக்கொள்ளுங்கள். மமோகிராம் எடுக்காமல் 11 ஆண்டுகள் விட்டால், அவர்களில் 5 பேர் மார்பகப் புற்றுநோயால் இறப்பார்கள். இன்னொரு ஆயிரம் பேருக்குத் தவறாமல் எடுத்துவந்தால் 4 பேர் இறப்பார்கள். ஆயிரத்தில் ஒருத்தி தப்புகிறாள். அதற்கு ஈடாக அந்த ஆயிரம் பேரில் ஏறக்குறைய 100 பேர் “ஏதோ தெரிகிறது, திரும்ப வாருங்கள்” என்று அழைக்கப்பட்டு, சிலருக்கு ஊசியும் குத்தி, காத்திருந்து, ஒன்றுமில்லை என்று வீடு திரும்புவார்கள். 5 பேர் அவசியமில்லாத சத்திரசிகிச்சைக்கு உள்ளாகி மார்பகத்தை முழுதாகவோ பகுதியாகவோ இழப்பார்கள். ஜேர்மனியின் ஹார்டிங் மையம், உளவியலாளர் கெர்ட் கிகெரன்சரின் வழிகாட்டலில், மேலைநாட்டு ஆய்வுகளைத் திரட்டி ஒரே ஒரு பக்க அட்டவணையில் இதைத் தந்திருக்கிறது. ஐந்து நான்காகிறது என்பதை “20 வீதக் குறைவு” என்றும் எழுதலாம், அதுவும் பொய்யில்லை. கணக்கு எழுதுகிற எந்தச் சுவரொட்டியும் இரண்டாவதைத்தான் எழுதும்.

அந்த ஆய்வுகள் பலவும் பழையவை. இப்போது மருந்துகளும் கருவிகளும் மாறிவிட்டன. அதோடு இலங்கையில் இந்நோய் வரும் விகிதம் மேலைநாடுகளைவிடக் குறைவு. ஆகவே இங்கே ஆயிரத்தில் ஒருத்தி என்பது இன்னும் குறையலாம். பொய் அபாய மணி மட்டும் அதே அளவுக்கு அடிக்கும்.

அவசியமில்லாத சத்திரசிகிச்சை என்ற இடத்தில்தான் எல்லாரும் திகைப்பார்கள். புற்றுநோய் என்று நுணுக்குக்காட்டியில் பார்த்து உறுதி செய்தபின் வெட்டியது எப்படி அவசியமில்லாததாகும்? எல்லாப் புற்றுநோயும் ஒரே வேகத்தில் வளர்வதில்லை. பாற்குழாய்க்குள்ளேயே ஆண்டுக்கணக்கில் அடங்கிக் கிடப்பவை உண்டு. அப்பெண் எண்பது வயதில் மாரடைப்பில் இறக்கும்வரை ஒரு தொந்தரவும் செய்யாதவை உண்டு. சில மாதங்களில் பெருகிக் கமக்கட்டுக்கு ஏறிவிடுபவையும் உண்டு. வாவியில் வீச்சுவலை எறிகிறவருக்கு இது உடனே பிடிபடும்: வலை விழும் கணத்துக்கும் அடுத்த வீச்சுக்கும் நடுவே விரைந்தோடும் மீன் போய்விடும், ஓரிடத்திலேயே அசைந்துகொண்டு நிற்பதுதான் மடியில் சேரும். இரண்டாண்டுக்கு ஒருமுறை எடுக்கும் படத்திலும் மெதுவாக வளரும் நோயே அதிகம் சிக்கும். சிக்கியது எந்த வகை என்று இன்றைய மருத்துவத்தால் ஒவ்வொரு பெண்ணுக்கும் உறுதியாகச் சொல்ல முடியாது. அதனால் எல்லாருக்கும் சிகிச்சை. இளம் பெண்களுக்கு இன்னொரு சிக்கல்: மார்பக இழையம் அடர்த்தியாக இருப்பதால் படத்தில் எல்லாம் வெள்ளையாகத் தெரியும், கட்டியும் வெள்ளையாகவே தெரியும். நாற்பதுக்குக் கீழே அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் பார்க்கச் சொல்வது அதனால்தான்.

“முன்னமே கண்டுபிடிச்சதால ஏழு வருசம் இருந்தா” என்று சொல்வதிலும் ஒரு பொறி இருக்கிறது. ஒரு பெண்ணுக்கு 60 வயதில் கட்டி தெரிந்து 64இல் இறக்கிறார். நான்கு ஆண்டு. அதே பெண்ணுக்கு 57 வயதிலேயே படத்தில் பிடிபட்டு, அதே 64இல் இறந்தால், ஏழு ஆண்டு. ஐந்தாண்டு பிழைத்தவர்களின் வீதம் என்று ஒரு மருத்துவமனை விளம்பரம் செய்தால் முதல் கணக்கில் அவர் தோல்வி, இரண்டாம் கணக்கில் வெற்றி. அவருக்குக் கூடுதலாகக் கிடைத்தது நோயாளி என்ற பெயரோடு வாழ்ந்த மூன்று ஆண்டு மட்டுமே. அதனால்தான் மும்பையில் பிழைத்த ஆண்டுகளை எண்ணாமல் சாவுகளை எண்ணினார்கள்.

இவ்வளவும் தெரிந்தால் பெண்கள் பயந்து பரிசோதனைக்கே வரமாட்டார்கள் என்று சில வைத்தியர்கள் கவலைப்படுவார்கள். பிரித்தானியாவில் இந்தச் சண்டை நன்றாகவே நடந்தது. மைக்கல் மார்மட் தலைமையிலான குழு 2012இல் கணக்கைப் புதிதாகப் போட்டது: அந்நாட்டின் மமோகிராம் திட்டம் ஒரு சாவைத் தடுக்கும்போது ஏறக்குறைய மூன்று பெண்களுக்குத் தேவையற்ற புற்றுநோய்ச் சிகிச்சை கிடைக்கிறது. திட்டத்தை நிறுத்தச் சொல்லவில்லை. தொடரலாம், ஆனால் பெண்களுக்கு இரண்டையும் சொல்லுங்கள் என்றார்கள். அழைப்புக் கடிதத்தோடு போகும் துண்டுப்பிரசுரம் மாற்றி எழுதப்பட்டது. தப்புகிறவர்களின் எண்ணிக்கையும் வீணாகச் சிகிச்சை பெறுகிறவர்களின் எண்ணிக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வந்தன. அதற்கு முன் 2009இல் வெளியான ஓர் ஆய்வுக்காக ஒன்பது ஐரோப்பிய நாடுகளில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் கேட்டபோது, பெண்களில் 92 வீதத்தினர் மமோகிராமின் பலனைப் பத்து மடங்கோ அதற்கு மேலோ மிகைப்படுத்தினார்கள், அல்லது தெரியாது என்றார்கள். படிப்பறிவு நிறைந்த நாடுகளின் நிலை அது. மட்டக்களப்புப் பெண்ணுக்குக் கணக்குச் சொன்னால் குழம்பிவிடுவாள் என்பதை நான் ஏற்கமாட்டேன்.

வீட்டில் தானே பார்த்துக்கொள்ளும் சுயபரிசோதனைக்கும் ஒரு பெரிய ஆய்வு உண்டு. சீனாவில் ஷாங்காய் துணி ஆலைகளில் 2,66,064 பெண்கள். ஒரு பாதிக்கு நன்றாகப் பழக்கிக் கொடுத்து, நினைவூட்டி, ஐந்து ஆண்டுகள் கண்காணித்தார்கள். பத்து ஆண்டுகளின் பின் சாவு: பழகியவர்களில் 135, பழகாதவர்களில் 131. பழகியவர்களில் புற்றல்லாத கட்டிகள் மட்டும் மிக அதிகமாகக் கண்டுபிடிக்கப்பட்டன. மாதாமாதம் நாட்குறித்துத் தடவுவது உயிர் காக்கும் என்பதற்குச் சான்று இல்லை. எனினும் நமது சுகாதாரத் துறை அதைப் பழகச் சொல்வதில் வேறொரு நியாயம் இருக்கிறது: மமோகிராம் திட்டமே இல்லாத நாட்டில் தன் உடம்பின் இயல்பு தெரிந்தவளுக்குத்தான் மாற்றம் தெரியும். அந்த ஷாங்காய்ப் பெண்கள் பழகாவிட்டாலும் கட்டி தெரிந்ததும் வைத்தியரிடம் போகிறவர்கள். எல்லா ஊரிலும் அப்படியில்லை. மாதவிடாய் தொடங்கி ஒரு கிழமை கழித்து, மார்பு இளகியிருக்கும் நாளில், குளிக்கும்போது பார்த்தால் போதும். ஒரு மாதம் தவறினால் குற்றமில்லை.

இதுவரை பேசியதெல்லாம் ஒன்றுமில்லாத அக்காவைப் பற்றி. அவர் யோசித்து, ஆம் என்றோ வேண்டாம் என்றோ முடிவெடுக்கலாம். இரண்டும் அறிவுள்ள முடிவே. கட்டி தட்டுப்பட்ட பெண்ணுக்கு இந்த ஆயிரம் பேர் கணக்குப் பொருந்தவே பொருந்தாது. நோகாத கட்டி, கமக்கட்டில் நெறி, தோல் உள்ளிழுத்துக் குழிவிழுவது, தோல் தடித்துத் துவாரந்துவாரமாகத் தெரிவது, புதிதாக உள்வாங்கிய காம்பு, காம்பிலிருந்து இரத்தம் கலந்த கசிவு, ஆறாத புண். இதில் ஒன்று இருந்தால் அடுத்த கிளினிக் நாளுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. அப்போது எடுக்கும் மமோகிராமின் வேலையும் வேறு. அது நோய் அறிய எடுப்பது. வைத்தியர் கையால் பார்ப்பார், படம் எடுப்பார், ஊசியால் இழையம் எடுத்து அனுப்புவார். மூன்றும் சேர்ந்துதான் பதில். தட்டுப்படும் கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோய் அல்ல. நோவு இல்லாதபடியால் பயமில்லை என்ற நினைப்புத்தான் ஆபத்து: புற்றுக்கட்டி ஆரம்பத்தில் அநேகமாக நோகாது.

இடையில் ஒரு விடயம், இங்கே மட்டுமே சொல்ல வேண்டியது. “உங்கட குடும்பத்தில ஆருக்கும் இருந்ததா?” என்று கேட்டால், மட்டக்களப்பில் தாய்வழியைத்தான் முதலில் எண்ணத் தோன்றும். குடி தாய்வழியில் வருகிறது, வீடு மகளுக்குப் போகிறது, பெரியம்மா சின்னம்மா எல்லாரும் ஒரே வளவில். ஆனால் மார்பகப் புற்றுநோய்களில் ஐந்து முதல் பத்து வீதம் வரை பரம்பரையாக வருபவை. அதற்குக் காரணமான மரபணு குடி பார்ப்பதில்லை. பீஆர்சீஏ எனப்படும் மரபணுக்களில் உள்ள பிறழ்வு, தகப்பனுக்கு இருந்தால் அவரிடமிருந்தும் சரிபாதி வாய்ப்போடு வரும். தகப்பனின் தாய்க்கும் மாமிமாருக்கும் என்ன நோய் என்று கேட்டு வைத்திருக்க வேண்டும். நெருங்கிய உறவில் இரண்டு மூன்று பேருக்கு, அதிலும் ஐம்பதுக்கு முன், மார்பிலோ சூலகத்திலோ புற்றுநோய் வந்திருந்தால் மேலே சொன்ன ஆயிரம் பேர் அட்டவணையை மறந்துவிட்டு வைத்தியரிடம் தனியாக ஆலோசனை கேட்கவேண்டும்.

உலக சுகாதார நிறுவனம் 2021இல் தொடங்கிய மார்பகப் புற்றுநோய் முனைப்பு மூன்று இலக்கு வைத்திருக்கிறது. நோயாளிகளில் 60 வீதத்துக்கு மேற்பட்டோர் முதல் இரண்டு கட்டங்களில் கண்டறியப்பட வேண்டும். முதலில் வைத்திய உதவி நாடிய நாளிலிருந்து 60 நாளுக்குள் நோய் உறுதிசெய்யப்பட வேண்டும். 80 வீதத்தினராவது சிகிச்சையை இடையில் விடாமல் முடிக்க வேண்டும். மமோகிராம் இயந்திரம் எத்தனை என்ற இலக்கு இதில் இல்லை. எனக்கு இதில் நடுவிலுள்ளதுதான் வாவிக்கரைக்கு முக்கியமாகப் படுகிறது. மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் புற்றுநோய்ப் பிரிவு இருக்கிறது. எல்லாவற்றுக்கும் மகரகம புற்றுநோய் வைத்தியசாலைக்கு ஓடிய காலம் போய்விட்டது. 2014இல் மண்முனைப் பாலம் திறந்தபின் கொக்கட்டிச்சோலைப் பக்கத்தாருக்கு வழியும் சுருங்கியது. என்றாலும் வெல்லாவெளிக்கு உள்ளேயிருந்து விடியப் புறப்பட்டு, களுவாஞ்சிகுடிக்கு வந்து பஸ் மாறி, நகரத்தில் வரிசையில் நின்று, “ஸ்கேனுக்கு இன்ன திகதி வாங்க” என்ற துண்டோடு திரும்பும் பெண்ணுக்கு ஒரு நாள் கூலி போகிறது. ஸ்கேனுக்கு இன்னொரு நாள், ஊசிக்கு ஒன்று, முடிவு எடுக்க ஒன்று. வீட்டுக்கு அவரே உழைப்பாளி என்றால் இரண்டாவது பயணத்தோடு நின்றுவிடவும் கூடும். கட்டி மட்டும் நிற்காது.

ஆகவே அந்தத் துண்டில் திகதி இடப்பட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். ஸ்கேனையும் ஊசியையும் ஒரே நாளில் வைக்க முடியுமா என்று கேளுங்கள். சில வேளை முடியும். இழைய முடிவு எத்தனை நாளில் வரும், அன்று வராவிட்டால் எந்த அறையில் யாரைக் கேட்பது என்பதையும் அங்கேயே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பெரிய ஆஸ்பத்திரியில் வாய் திறக்கக் கூச்சமாக இருந்தால் துண்டை உங்கள் மருத்துவமாதுவிடம் காட்டுங்கள். உங்கள் வீடு அவருக்குத் தெரியும், பிள்ளைகளின் பெயர் தெரியும், வைத்தியசாலையில் யாரிடம் பேசவேண்டும் என்பதும் தெரியும்.